சாவிக்கு நீண்ட கை

என் வலது மணிக்கட்டை உடைத்தவள் பெயர் சுப்ரியா. ஓசூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஊர் ஊராகப் போய் ஏற்றிக்கொண்டு வரும் வேன் டிரைவர். அவளைக் காப்பாற்றப் போய்த்தான் எனக்குக் கை உடைந்தது. இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் கட்டுப் போட்ட கையைப் பார்ப்பார்கள், அப்புறம் "அப்படியா?" என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். அந்த இழுப்பைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் கிருஷ்ணப்பன். தளிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டின ஊர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, ஆபீஸ்களில் தமிழ். எல்லாவற்றிலும் சரளமாகச் சண்டை போடுவேன். கொஞ்சம் ராகி, கொஞ்சம் தக்காளி போட்டிருக்கிறேன். ராகி முற்றினால் எங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் யானைக்குத் தெரிந்துவிடும். ஜவளகிரிக் காட்டிலிருந்து இறங்கி வந்து வயிறாற மேய்ந்துவிட்டு, பொழுது விடியும்போது ரோட்டைக் கடந்து காட்டுக்குத் திரும்பும். அறுப்பு முடியும் வரை ஊர் ஆண்கள் முறை வைத்துக் காவல் நிற்போம். என் முறைக்குத் துணை மாதேஷ். என் மனைவி வெங்கடம்மாளின் தம்பி.

யானை கடக்கிற நேரத்தில் வண்டி வந்தால் என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரோட்டோரம் ஒரு ஆள் கம்பளி போர்த்திக்கொண்டு உள்ளங்கையைக் காட்டினால் வண்டியை நிறுத்தணும், விளக்கை அணைக்கணும், சாவியைத் திருப்பிவிட்டுச் சும்மா உட்காரணும். பேச்சே கூடாது. விசில், டார்ச், ஹாரன் எதுவும் கூடாது. குட்டியோடு நிற்கும் யானைக்கு ஒரு இருமல் சத்தம் போதும், திரும்பி வந்துவிடும். சில டிரைவர்களுக்குப் பயத்தில் கை ஓடாது. அந்த மாதிரி நேரத்தில் நாங்களே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பி எடுத்து வைத்துக்கொள்வோம். பால் வண்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் சாவியைத் தானே நீட்டிவிடுவார். யானை போனதும் திருப்பிக் கொடுப்போம், அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போவார். இதுதான் பழக்கம்.

அந்த வேனை வழக்கமாக ஓட்டுவது பெரியதம்பி என்று ஒருவர். அவர் லீவு போட்டிருந்தார். பதிலுக்கு அன்றைக்கு வந்தவள்தான் சுப்ரியா. அதுவரை ஓசூர் டவுனுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்தவள். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். எந்தத் திருப்பத்தில் மேடு இருக்கிறது, எந்தப் பெண் எங்கே ஏறும், எந்த நாய் குறுக்கே வரும் என்று பெரியதம்பி போனில் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். கம்பளி ஆட்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள்? நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

மார்கழிப் பனி. கையை நீட்டினால் விரல் தெரியாது. ஏரிக்கரைத் திருப்பத்தில் தாயும் குட்டியும் ரோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தன. குட்டி நகர மாட்டேன் என்றது, தாய் விட்டுப் போக மாட்டேன் என்றது. நாங்கள் புளியமரத்துக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்து, இன்னும் ஒரு பெண்ணும் ஏறியிருக்காத இந்த வேனின் விளக்கு வெளிச்சம் வந்தது. மாதேஷ் கையைக் காட்டினான், வேன் நிற்கவில்லை. வேகத்தடைக்காகக் கொஞ்சம் மெதுவானது. நான் பக்கவாட்டில் ஓடிப்போய், பாதி இறங்கியிருந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பிப் பிடுங்கினேன். வேன் குலுங்கி நின்றது. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றுகூட நான் பார்க்கவில்லை. என் கண் சாவியின் மேல் இருந்தது, காது ஏரிக்கரையில் இருந்தது.

அவள் சீட்டுக்குக் கீழே இருந்த வீல் ஸ்பேனரை எடுத்து என் மணிக்கட்டில் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உயிர் போகிற வலி. ஆனால் நான் கத்தவில்லை. எப்படிக் கத்துவேன்? கல்லெறி தூரத்தில் குட்டியோடு யானை நிற்கிறது. கம்பளியைப் பல்லால் கடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவள் இன்னொரு தடவை போட்டாள். சாவி ரோட்டில் விழுந்தது. மாதேஷ் என்னை இழுத்துக்கொண்டு மரத்துக்குப் பின்னால் போனான்.

அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, சீட்டுக்கு அடியில் சுருண்டு உட்கார்ந்து போலீசுக்குப் போன் போட்டிருக்கிறாள். விளக்கில்லை, இன்ஜின் சத்தமில்லை. யானைகள் நிதானமாக வேனின் பின்பக்கத்தை ஒட்டி நடந்து போயின. தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த அவள் ஒரு வாலைக்கூடப் பார்க்கவில்லை. ஆகவே அவள் கணக்கில் அங்கே யானையே கிடையாது. இரண்டு திருடர்கள் மட்டும்தான்.

அப்புறம் பின்னால் ஒரு டெம்போ வந்தது. ரோட்டோரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அதில் வந்தவன் வீடியோ எடுத்தான். "பெண் டிரைவரிடம் வழிப்பறி முயற்சி, துணிச்சலாக அடித்து மடக்கினார்" என்று எழுதி அனுப்பிவிட்டான். எனக்குக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் அது கிருஷ்ணகிரி, குந்தாரப்பள்ளி எல்லாம் சுற்றிவிட்டு பெங்களூரில் கட்டிக்கொடுத்த என் மகள் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் உடனே கூப்பிட்டாள். "அப்பா, நீ என்னப்பா பண்ணின?" என்று கேட்டாள். கை எப்படி இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள். கையை விட அதுதான் வலித்தது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

சுப்ரியா ஸ்டேஷனில் வழிப்பறி என்று புகார் கொடுத்திருந்தாள். மாதேஷ் சும்மா இருப்பானா? என்னை அடித்துக் கையை உடைத்ததாக என் பெயரில் பதில் புகார் எழுதிக் கொடுத்தான். நான் இடது கையால் ரேகை வைத்தேன். வனத்துறை ஆட்கள் வந்து நாங்கள் யானைக் காவல்காரர்கள்தான் என்று சொன்ன பிறகு, முதலில் அவளைப் பாராட்டின கம்பெனி கேஸ் முடியும் வரை வண்டியைத் தொடாதே என்று அவளை நிறுத்திவைத்துவிட்டது.

வீட்டில் என் நிலைமை இன்னும் மோசம். களியை இடது கையால் தின்ன முடியுமா? வெங்கடம்மாள் உருட்டி உருட்டி வாயில் வைத்தாள். கல்யாணத்தன்று ஒருவருக்கொருவர் வாழைப்பழம் ஊட்டினதோடு சரி. இத்தனை வயசுக்கு மேல் மறுபடி ஊட்டல். வாசலில் போகிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது. ஆனால் ஊட்டிக்கொண்டே அவள் பேசினாள் பாருங்கள், அதுதான் பிடிக்கவில்லை.

"பாவம்யா அந்தப் பொண்ணு. அதுக்கு வேலை போச்சாம்."

"அப்ப நான் பாவம் இல்லையா?"

"நீயும் பாவம்தான். வாயைத் தொற."

"என்னைத் திருடன்னு சொல்லியிருக்காடி. ஊர் பூராவும் சொல்லியிருக்கா. அவ வாயால இவர் திருடர் இல்லைன்னு சொல்லணும். அதுவரைக்கும் நான் கேஸை விட மாட்டேன்."

"சரி, இந்த உருண்டையை முழுங்கிட்டுக் கோவப்படு" என்றாள்.

எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். காசு வேண்டாம், மன்னிப்புக்கூட வேண்டாம். திருடன் என்ற சொல்லை அவள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒருநாள் பகலில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நான், வெங்கடம்மாள், மாதேஷ் மூவரும் போனோம். குளிர் இன்னும் விடாததால் மாதேஷ் என் மேல் கம்பளியைப் போட்டுவிட்டிருந்தான். சப்-இன்ஸ்பெக்டர் பிரியதர்ஷினி என்ற அம்மா, என் மகள் வயசுதான் இருக்கும். எதிரில் சுப்ரியா உட்கார்ந்திருந்தாள். வீல் ஸ்பேனரைத் தூக்கின கை அதுதானா என்று சந்தேகமாக இருந்தது. அவ்வளவு ஒல்லியாக இருந்தாள். என் கையில் இருந்த மாவுக்கட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, அப்புறம் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் சொல்றது எனக்குப் புரியுது" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "ஏம்மா சுப்ரியா, இவர் யானைக் காவலுக்கு நின்னவர்னு இப்ப உனக்குத் தெரியுமில்ல?"

"திருட வந்தார்னு நினைச்சேன் மேடம்."

"அது அன்னைக்கு. நான் இன்னைக்குக் கேக்கறேன்."

"திருட வந்தார்னு நினைச்சேன் மேடம்."

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பாத்தீங்களா மேடம், கிளிப்பிள்ளை மாதிரி சொல்றா! மூஞ்சிக்கு நேரா உக்காந்திருக்கேன், இன்னும் நான் திருடன்தான் இவளுக்கு" என்று கத்தினேன்.

அப்போதுதான் அவள் உடைந்தாள். "என்னைய என்ன பண்ணச் சொல்றீங்கய்யா? வக்கீல் சொல்லிவிட்டிருக்கார். நீங்க திருட வரலைன்னு நான் வாயைத் தொறந்து சொல்லிட்டா, அப்ப எதுக்கு அடிச்சேன்னு கேப்பாங்களாம். நான் உள்ள போயிருவேனாம். எனக்கு ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பொம்பளப்பிள்ளை இருக்கு. வேற ஆள் இல்லை." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

எனக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. நான் யோக்கியன் என்றால் அவள் குற்றவாளி. அவள் யோக்கியமானவள் என்றால் நான் திருடன். இரண்டு பேரில் ஒருவர்தான் நல்ல பெயரோடு வீட்டுக்குப் போக முடியும். இப்படி ஒரு கணக்கில் இரண்டு பேரையும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

"யாரும்மா உனக்கு இப்படிச் சொன்னது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "தன்னைக் காப்பாத்திக்க அடிக்கிறதுக்குச் சட்டத்துல உரிமை இருக்கு. எதிராளி நெஜமாவே திருடனா இருக்கணும்னு அவசியமில்ல. அவர் மனசுல என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அந்த சீட்ல அந்த நேரத்துல வேற யார் உக்காந்திருந்தாலும் பயந்திருப்பாங்களா, அதைத்தான் பாப்பாங்க. நியாயமான பயம்னா, உண்மை தெரியாம நல்ல எண்ணத்துல செஞ்சதுன்னா, அது குற்றமாகாது. நான் தீர்ப்புச் சொல்ற ஆள் இல்ல. ஆனா ரெண்டு புகாரையுமே 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்', அதாவது உண்மை தெரியாம நடந்த தப்புன்னு முடிச்சு கோர்ட்டுக்கு எழுத எனக்கு வழி இருக்கு."

"அதெப்படி மேடம்?" என்று மாதேஷ் பாய்ந்தான். "மொத அடி பயத்துல அடிச்சா, சரி. ரெண்டாவது அடி? கை ஒடைஞ்சு நிக்கிற ஆளை மறுபடி அடிக்கிறதும் பயமா?"

சப்-இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "அவர் கேக்கறது சரிதான். ஆபத்து நீங்கின பிறகு அடிச்சா அது தற்காப்பு இல்ல, அடிதடி. சொல்லும்மா. ரெண்டாவது ஏன் அடிச்ச?"

சுப்ரியா என்னைப் பார்த்தாள். "அவர் கத்தலை மேடம். அம்புட்டு பலமா அடிச்சேன். மனுசன்னா கத்துவாங்கள்ல? இவர் சத்தமே போடலை. துணியைக் கடிச்சிக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நின்னார். அடி வாங்கியும் கத்தாத ஆளு எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்னு நினைச்சதும் எனக்கு உயிரே போச்சு. முத அடியை விட அப்பத்தான் ரொம்பப் பயந்தேன்."

என் உடம்பெல்லாம் எரிந்தது. கத்தாமல் நின்றதுதான் நான் செய்த தப்பா? எழுந்து நின்றேன். "மேடம், கேஸுக்காகப் பிடிச்சு வச்ச அந்த வேன் வெளியத்தானே நிக்குது? நான் அன்னைக்கு எப்படி வந்தேனோ அப்படியே வந்து காட்டறேன். இதுல பயப்பட என்ன இருக்குன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க."

"நல்ல யோசனை" என்றார் அவர். "ஏம்மா, போய் சீட்ல உக்காரு."

சுப்ரியா எழுந்தாள், வாசல் வரை வந்தாள், வேனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "என்னால முடியாது மேடம்" என்றாள்.

"நான் உக்கார்றேன்" என்றாள் வெங்கடம்மாள்.

அவளுக்கு வேனில் ஏறவே தெரியவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பிடித்து ஏற்றிவிட்டார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு ரொம்பப் பெருமையாக உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டார்கள். "ஓசூர் போலாமா?" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். "நேராப் பாருடி, ரோட்டைப் பாக்கற மாதிரி" என்று அதட்டிவிட்டு நான் வேனின் பின்பக்கம் போனேன்.

கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன். அன்றைக்கு எப்படி வந்தேனோ அப்படியே வரணும், இல்லையென்றால் ஏமாற்றியதாக ஆகும். கண்ணை மூடி அந்தத் திருப்பத்தை நினைத்துக்கொண்டேன். பனி, தாய், குட்டி, திடீரென்று வந்த வெளிச்சம். அப்புறம் காலடிச் சத்தம் கேட்காமல் பக்கவாட்டில் ஓடிவந்து, ஒன்றும் பேசாமல், இடது கையை ஜன்னலுக்குள் விட்டேன்.

வெங்கடம்மாள் அலறினாள்.

பட்டப்பகல். போலீஸ் ஸ்டேஷன் வாசல். சுற்றி அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வரப்போவது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். அப்படியும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, அந்தப் பக்கத்து சீட்டின் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டாள். என் கை அந்தரத்தில் நின்றது. எனக்குக் கையை வெளியே எடுக்கக்கூடத் தோன்றவில்லை. என்னோடு இத்தனை காலம் ஒரே கூரையின் கீழ் தூங்கியவள், என் குறட்டைக்குக்கூடத் திட்டிவிட்டுப் புரண்டு படுப்பவள், அவள் என்னைப் பார்த்து அலறினாள். எனக்கு அவமானமாக இருந்தது, அவள் மேல் இரக்கமாக இருந்தது, அழுகை வந்தது. இவளே இப்படி என்றால், முன்பின் தெரியாத ஊரில், இருட்டுப் பிரியாத நேரத்தில், தனியாக இருந்த அந்தப் பெண் என்ன பாடுபட்டிருப்பாள்?

கம்பளியைத் தலையிலிருந்து இறக்கினேன். "வெங்கடு, நான்தான்" என்றேன். அவள் விரல் இடுக்கில் என்னைப் பார்த்தாள்.

சப்-இன்ஸ்பெக்டர் அவளைப் பிடித்து இறக்கிவிட்டார்.

"மேடம், எழுதிக்கோங்க" என்றேன். "அந்தப் பொண்ணு அடிச்சது சரி. மொத அடியும் சரி, ரெண்டாவதும் சரி. என் புகாரை நான் திரும்ப வாங்கிக்கறேன்."

"மாமா!" என்றான் மாதேஷ். "புத்தி கித்தி கெட்டுப் போச்சா? அவ இன்னும் உன்னைத் திருடன் இல்லைன்னு சொல்லவே இல்ல. அவ சொல்லட்டும், அப்புறம் நாம சொல்லலாம். நீ மொதல்ல சொல்லிட்டா உன் பேரு அப்படியேதான் இருக்கும்."

"இருந்துட்டுப் போகட்டும்டா. உங்க அக்காவைப் பாத்தியா இல்லையா?"

அவன் அக்காவைப் பார்த்தான். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கோபக்காரப் பயல், ஆனால் அன்றைக்குக் கையொடிந்த என்னைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது சுப்ரியா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே" என்றாள். அதுவரை ஐயா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒன்னு கேக்கட்டுமா? அன்னைக்கு ஏன் கத்தலை?"

இத்தனை நாளில் அதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. போலீஸ் கேட்கவில்லை, ஆஸ்பத்திரியில் கேட்கவில்லை, என் மகள் கேட்கவில்லை.

"கத்தினா அது திரும்பி வரும்மா. குட்டி வச்சிகினு இருந்துச்சு. எனக்கும் மாதேசுக்கும் காடு மேடு பழக்கம், எங்கயாவது ஓடி ஏறிக்குவோம். நீ வண்டிக்குள்ள இல்ல இருந்த?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குனிந்து, என் மாவுக்கட்டை விரல் நுனியால் தொட்டாள். அதற்குள் இருக்கும் எலும்புக்கு வலித்துவிடப் போகிறது என்பது போல அவ்வளவு மெதுவாகத் தொட்டாள். கண்ணீர் அதன் மேல் விழுந்தது. "நனைஞ்சா கட்டு பிரிஞ்சிடும், டாக்டர் திட்டுவார்" என்றேன். அவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

பிறகு மேசைப் பக்கம் போனாள். வக்கீலுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வருகிறாயா என்று சப்-இன்ஸ்பெக்டரே கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எழுதிக்கங்க மேடம். இவர் திருட வரலை. என்னைக் காப்பாத்த வந்தார். நான் பயந்ததும் நெசம். ரெண்டையும் எழுதுங்க."

"ரெண்டையும் எழுதறேன்" என்றார் அவர்.

வெளியே வந்ததும் சுப்ரியா என் மகள் நம்பரைக் கேட்டாள். மகள் என்னிடம் கேட்ட கேள்வியை வெங்கடம்மாள் ஏற்கெனவே சுப்ரியாவிடம் சொல்லியிருந்தாள் போல. போனில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள். மறுமுனையில் மகள் "அப்பா" என்றதற்கு மேல் பேசவில்லை. எனக்கும் அது போதுமாக இருந்தது.

சுப்ரியா போன பிறகு நானும் வெங்கடம்மாளும் தளி பஸ்ஸுக்காக நின்றோம். அவள் வேனிலிருந்து இறங்கினதிலிருந்து என்னோடு சரியாகப் பேசவே இல்லை. என் கம்பளியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சின்ன ஆசையும் இருந்தது.

"ஏன்டி, நெஜமாவே பயந்தியா? இல்ல, அந்தப் பொண்ணுக்காக நடிச்சியா? நடிச்சேன்னு சொல்லு, நான் ஒன்னும் நினைச்சிக்க மாட்டேன்."

"எனக்கு நடிக்கல்லாம் தெரியாது" என்றாள். "நெஜமாத்தான் பயந்தேன்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. "என்னைப் பாத்தா அவ்வளவு பயங்கரமாவா இருக்கு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

"உன்னைப் பாத்து இல்லய்யா. உன் மூஞ்சியைப் பாத்து. கண்ணாடிகிட்ட வந்தப்ப உன் மூஞ்சி எப்படி இருந்துச்சு தெரியுமா? சாகப்போற ஆளு மாதிரி இருந்துச்சு. உதடு வெளுத்து, கண்ணு ரெண்டும் நிலைகுத்தி. நீ அவ்வளவு பயந்து நான் பாத்ததே இல்ல." கக்கத்துக் கம்பளியை இறுக்கிக்கொண்டாள். "வருசா வருசம் ராகி சீசனுக்கு 'சும்மா நின்னுட்டு வர்றேன், மாதேசு டீ வாங்கித் தருவான்'னு சொல்லிட்டுப் போவியே. நானும் நம்பிகினு போர்த்திப் படுத்துத் தூங்குவேனே. தெனமும் இந்த மூஞ்சியோடவாய்யா அங்க நின்னுகினு இருந்த?"

ஏதாவது சமாளிக்கலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"ஆமா" என்றேன்.

அவள் என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க. எங்கள் பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நாங்கள் அடுத்த பஸ்ஸில் போனோம்.